கிட்டார் இரைகிறதா? பிள்ளையைக் குறை சொல்லுமுன் இதை வாசியுங்கள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் கிட்டார் பழகும் பிள்ளை இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். இல்லாதவர்களும் வாசிக்கலாம், ஏனென்றால் விஷயம் கிட்டாரோடு மட்டும் முடிவதில்லை.

எமது பக்கத்துக் குழுமங்களில் அடிக்கடி ஓர் அறிவித்தல் கண்ணில் படுகிறது. "எலக்ட்ரிக் கிட்டார் விற்பனைக்கு. சின்னப் பழுது. விலை பேசலாம்." என்ன பழுது என்று விசாரித்தால் வருவது இரண்டே பதில். ஒன்று, "ஸ்ட்ரிங் இரையுது." மற்றது, "டியூன் நிக்குதில்ல." நாங்கள் சில ஆசிரியர்கள் பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து இப்படியான கிட்டார்களைப் பார்த்து வருகிறோம். கையில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை பழுதாகவே இல்லை. சரியாக செட் பண்ணாமல் கிடந்தவை, அவ்வளவுதான். அதைத்தான் அரை விலைக்கு விற்கிறார்கள். கூடவே பிள்ளையின் ஆசையும் போய்விடுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். பெயர் வேண்டாம். தரம் பத்துப் பிள்ளை. வாப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிக் கொடுத்தார். எவ்வளவு நாள் சேர்த்த சல்லி என்று நாங்கள் கேட்கவில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டில் எங்கே அழுத்தினாலும் தகரம் அதிர்வது போல இரைச்சல். மூன்றாம் ஸ்ட்ரிங் ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி விலகிவிடும். ஒரு கடையில் காட்டினார்கள். "நெக் போயிட்டு, புதுசு எடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் உம்மா, "உனக்குக் கை வரல்ல, விட்டுட்டுப் படி" என்றார். பிள்ளை எங்களிடம் வந்து சொன்ன சொல், "எனக்கு ஏலா போல சேர்."

கிட்டாரைப் பார்த்தோம். நெக் போகவில்லை. உள்ளே இருக்கும் கம்பியை முன்பு வைத்திருந்த யாரோ அளவுக்கு மேல் இறுக்கியிருந்தார்கள். நெக் பின்பக்கமாக வளைந்து, ஸ்ட்ரிங் எல்லாம் முதல் ஃப்ரெட்டுகளில் உரசிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரிங்குகள் துருப்பிடித்தவை. மூன்றாம் ஸ்ட்ரிங் மேலே உள்ள பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகர்ந்தது. இரண்டு நாட்களில், காலே கால் சுற்றாக இரண்டு தடவை கம்பியைத் தளர்த்தினோம். புது ஸ்ட்ரிங் செட் ஒன்று. பள்ளத்துக்குப் பென்சில் தூள். செலவு ஒரு செட் ஸ்ட்ரிங்கின் விலை.

இதில் எங்களைக் கவலைப்படுத்துவது அந்த "எனக்கு ஏலா" என்ற சொல். கருவியில் இருந்த கோளாறைப் பிள்ளை தன் கையில் இருப்பதாக நம்பிவிட்டான். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அந்த நம்பிக்கை உறுதியாகியிருக்கும். கிட்டாரில் மட்டுமல்ல, கணக்கிலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகள் இப்படித்தான் கைவிடுகிறார்கள். எங்கே பிழை என்று வரிசையாகத் தேட யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. "உனக்கு வராது" என்று சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது. கோளாறைத் தேடுவது ஒரு படிப்பு, அதை எமது பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் கருத்து.

மார்க்க ரீதியாக இசை கூடுமா கூடாதா என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். அது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நாங்கள் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எமது தெருவில் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடசாலையில் மேலைத்தேய சங்கீதம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எமது வீடுகள் சிலவற்றிலும் கிட்டார் இருக்கிறது. இதெல்லாம் கண்ணுக்கு முன்னால் உள்ள நிலைமை. வாசிக்கவே கூடாது என்று நினைப்பவரும், அயலவன் உழைத்து வாங்கிய சாமான் வீணாகப் போவதை விரும்பமாட்டார். வீண்விரயம் பற்றி எமக்கிடையே இரண்டு கருத்து இல்லை.

எலக்ட்ரிக் கிட்டார் இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. கிளரன்ஸ் விஜேவர்தன 1960களின் பிற்பகுதியில் அதைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசை எமது மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கல்யாண வீட்டுப் பைலா கிட்டார் இல்லாமல் நடக்காது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இன்று கடைகளில் விற்கும் மலிவு எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பகுதி, அமெரிக்காவின் லியோ ஃபென்டர் 1950இலும் 1954இலும் வெளியிட்ட இரண்டு வடிவங்களின் பிரதிகள். லியோ ஃபென்டர் இசைக்கலைஞர் அல்ல. ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். திருத்துபவரின் கண்ணால் பார்த்ததால்தான் நெக்கைப் பசையால் ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். எந்தப் பாகத்தையும் கழற்றலாம், மாற்றலாம், சரிசெய்யலாம். திருத்துவதற்கென்றே செய்த ஒரு கருவியை "போயிட்டு" என்று சொல்லி ஒதுக்குவது நியாயமா?

எமது காலநிலையும் கிட்டாரும்

கொழும்பில் வருடத்தின் பெரும்பாலான நாட்களில் காற்றின் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். கிட்டாரின் நெக் நீண்ட மெல்லிய மரம். அதன் மேல் ஆறு ஸ்ட்ரிங்குகள் சேர்ந்து இழுக்கும் இழுவை, சாதாரண 10 இலக்க செட் ஒன்றில் 45 கிலோவுக்குக் கிட்ட. ஒரு மூட்டை சீமெந்தின் நிறையை விடக் கொஞ்சம்தான் குறைவு. அந்தச் சுமையை இரவும் பகலும் தாங்கும் மரம், மழைக்காலத்திலும் வெயில் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இது எமக்குத் தெரியாத விஷயமும் அல்ல. ரபான் அடிப்பவர்களைக் கேளுங்கள். ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், சூடு காட்டினால்தான் நாதம் வரும். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள அயலவர்கள் சுற்றியிருந்து அடிக்கும் பெரிய ரபானின் கீழே கரிநெருப்பு வைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரபான் தொய்ந்தால் ரபான் பழுது என்று யாரும் விற்பதில்லை. கிட்டாருக்கும் அதே நியாயம்தான். நெருப்பில் மட்டும் காட்டிவிடாதீர்கள்! தகரக் கூரைக்கும் அஸ்பெஸ்டஸுக்கும் நேர் கீழே மாட்டிவைப்பதும், வெயிலில் நிறுத்திய ஓட்டோவுக்குள் விட்டுவிட்டுப் போவதும் அதற்குச் சமம்தான்.

ஊகிக்காமல் அளந்து பாருங்கள்

வெள்ளக் காலத்தில் நாம் என்ன செய்கிறோம்? களனி கங்கை பெருகிறதா என்று வாயால் வாதாடுவதில்லை. நாகலகம் வீதி அளவுகோல் எத்தனை அடி காட்டுகிறது என்று கேட்கிறோம். எண்ணைப் பார்த்துத்தான் சாமானை மேலே ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு. கிட்டாரிலும் எண்ணைப் பாருங்கள்.

தேவையான சாமான் அதிகமில்லை. மில்லிமீட்டர் போட்ட சிறிய இரும்பு அடிமட்டம், அலன் கீ செட், ஸ்டார் திருகாணிச்சாவி, பென்சில், போனில் இலவச டியூனர் செயலி. இன்னுமொன்று ஃபீலர் கேஜ். அதற்கு இசைக்கருவிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஓட்டோ திருத்தும் பாஸ் வால்வின் இடைவெளி பார்க்க வைத்திருப்பது அதேதான். பஞ்சிகாவத்தையில் வாங்கலாம், இல்லாவிட்டால் தெரு முனை பாஸிடம் ஐந்து நிமிடத்துக்கு இரவல் கேளுங்கள்.

இனி வரிசை. இதன் ஒழுங்கை மாற்ற வேண்டாம். ஒரு படி முடியாமல் அடுத்ததற்குப் போனால் எது பிழை என்று கடைசி வரை தெரியாது.

1. எந்தச் சத்தம் என்று பிரித்துப் பாருங்கள். கிட்டாரை அம்பில் இணைக்காமல் வாசியுங்கள். கம்பி இரும்பில் உரசும் "ஸ்ர்ர்" சத்தம் கேட்டால் அது ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் படும் இரைச்சல். இணைத்தால் மட்டும் வாசிக்காத நேரத்திலும் "ம்ம்ம்" என்று கேட்டால் அது மின்சாரம் சம்பந்தப்பட்டது, கடைசியில் பார்ப்போம். மூன்றாவது வகை, தளர்ந்த திருகாணி, டியூனிங் கீயின் நட்டு, பின்பக்கத்து ஸ்பிரிங் அதிர்வது. இதைக் கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துப் பார்த்தால் பிடிபடும். இன்னொன்றும் உண்டு. இணைக்காமல் வாசிக்கும்போது இலேசாக இரைந்து, அம்பில் கேட்காவிட்டால் அதை விட்டுவிடலாம். எலக்ட்ரிக் கிட்டாரில் அவ்வளவு சகஜம்.

2. ஸ்ட்ரிங் எவ்வளவு பழையது? வியர்வையும் எமது கடற்காற்றும் ஸ்ட்ரிங்கைச் சீக்கிரம் தின்றுவிடும். துரு ஏறிய இடத்தில் கம்பியின் கனம் சீராக இராது. அப்படியான ஸ்ட்ரிங் எப்படி டியூன் பண்ணினாலும் ஒரு இடத்தில் சரி, இன்னோர் இடத்தில் பிழை. முன்பு இருந்த அதே இலக்க செட்டைப் போடுங்கள். 9 இருந்த இடத்தில் 10 போட்டால் இழுவை கூடும், நெக் வளையும், எல்லாம் மாறும். டியூனிங் கீயில் இரண்டு மூன்று சுற்றுப் போதும். போட்டபின் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் விரலால் மெதுவாக இழுத்துவிட்டுத் திரும்ப டியூன் பண்ணுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால்தான் நிலைக்கும். "புது ஸ்ட்ரிங் போட்டும் டியூன் நிக்குதில்ல" என்று வருபவர்களில் பலர் இந்த ஒன்றைச் செய்வதில்லை.

3. முழுதாக டியூன் பண்ணிவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும். தளர்ந்த ஸ்ட்ரிங்கோடு எடுத்த அளவு பொய் சொல்லும். அந்த 45 கிலோ இழுவை இருந்தால்தான் நெக் தன் உண்மையான நிலைக்கு வரும்.

4. நெக்கின் வளைவு. ஆறாவது தடித்த ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது ஸ்ட்ரிங் ஒரு நேர்கோடு. 7ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. ஃபீலர் கேஜில் 0.25 தகடு தடையில்லாமல் போய்வர வேண்டும். கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்ட். ஏ.டி.எம். அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர், அது இலேசாக உள்ளே போனால் வளைவு மிக அதிகம்.

இடைவெளியே இல்லையா? நெக் பின்னால் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராட் எனும் உள் கம்பியை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அதிகமாக இருக்கிறதா? வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்குங்கள். திரும்ப டியூன், திரும்ப அளவு. ஒரு நாளில் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம், மரம் அடங்குவதற்கு நேரம் கொடுங்கள். சரியான அளவு அலன் கீ மட்டும் பயன்படுத்துங்கள். திரும்ப மறுத்தால் பலவந்தம் வேண்டாம், அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். கம்பி முறிந்தால் அதுதான் உண்மையான பழுது.

5. ஸ்ட்ரிங்கின் உயரம். 12ஆம் ஃப்ரெட்டின் தலையிலிருந்து ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் வரை அடிமட்டத்தால் அளவுங்கள். தடித்த ஸ்ட்ரிங்குக்கு 2 மில்லிமீட்டர் அளவும், மெல்லியதற்கு 1.5 அளவும் பழகுபவருக்கு நல்ல தொடக்கம். பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் சிறிய கட்டையின் இரண்டு திருகாணிகளையும் திருப்பினால் உயரும், இறங்கும். கை வலிக்கிறது என்று மிகவும் இறக்கிவிட்டுப் பிறகு இரைகிறது என்பவர்கள் அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. இரைச்சல் எந்த இடத்தில்? மேலே உள்ளதெல்லாம் சரியான பிறகும் இரைந்தால், இடம்தான் காரணத்தைச் சொல்லும்.

எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் அடிக்கும்போது மட்டும் இரைந்தால், மேலே உள்ள நட்டின் பள்ளம் அளவுக்கு மேல் ஆழமாகிவிட்டது. முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் என்றால் நெக்கில் வளைவு போதாது, நான்காம் படிக்குத் திரும்புங்கள். எல்லா இடத்திலும் என்றால் உயரம் குறைவு. 12க்கு மேலே மட்டும் என்றால் வளைவு கூடியிருக்கலாம். ஒரே ஒரு சுரம் மட்டும் இரைந்தால், அதற்கு அடுத்து பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள ஃப்ரெட் தலைதூக்கி நிற்கிறது. ஏ.டி.எம். அட்டையின் நேரான விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்திப் பாருங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடுவில் உள்ளது உயரம்.

நட்டின் பள்ளத்தை அராவுவதும் ஃப்ரெட்டை மட்டப்படுத்துவதும் வீட்டு வேலை அல்ல. கூடுதலாக அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த இரண்டுக்கும் கூலி கொடுத்துத் தெரிந்த கையிடம் கொடுங்கள்.

7. டியூன் ஏன் நிற்பதில்லை? பெரும்பாலும் டியூனிங் கீயைத்தான் குற்றம் சொல்வோம். முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கீயைத் திருப்பும்போது "டிங்" என்று ஒரு சத்தத்தோடு சுருதி பாய்ந்து போனால் ஸ்ட்ரிங் நட்டில் சிக்குகிறது. பள்ளத்தில் பென்சிலால் நன்றாகத் தேயுங்கள், காரீயத் தூள் வழுக்கிக் கொடுக்கும். அடுத்தது, சுருதி கூடிவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்தாதீர்கள். தேவையானதற்குக் கீழே இறக்கிவிட்டு, அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். கீயின் பல்லில் உள்ள தளர்வு அப்போதுதான் ஒரு பக்கமாக இறுகும்.

ஆட்டும் கம்பி வைத்த பிரிட்ஜ் என்றால் இன்னொரு விளையாட்டு உண்டு. முன்னால் ஸ்ட்ரிங்குகளும் பின்னால் ஸ்பிரிங்குகளும் கயிறிழுத்துக்கொண்டு நடுவில் நிற்கும் பிரிட்ஜ் அது. ஒரு ஸ்ட்ரிங்கை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். பழகும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை எதற்கு? பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் இறுக்கி, பிரிட்ஜை உடம்பில் படிந்து உட்காரச் செய்துவிடுங்கள்.

சும்மா அடித்தால் சரி, மேலே போகப் போகப் பிழை என்றால் அது நீளத்தின் கணக்கு. 12ஆம் ஃப்ரெட்டின் நேர் மேலே ஸ்ட்ரிங்கை இலேசாகத் தொட்டு அடித்தால் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் அழுத்தி அடியுங்கள். டியூனரில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடினால் பிரிட்ஜ் கட்டையை நெக்கிலிருந்து தள்ளிப் பின்னுக்கு நகர்த்துங்கள். குறைந்தால் நெக் பக்கம் முன்னுக்கு. விரல் அழுத்தம் கூடினாலும் சுருதி ஏறும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். கோபத்தில் பிடித்தால் கிட்டாரும் கோபமாகத்தான் பேசும்.

8. "ம்ம்ம்" சத்தம். எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50இன் அதிர்வைத்தான் பிக்கப் பிடித்து அம்பில் பாடுகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இது இருக்கத்தான் செய்யும். இதை ஒழிக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பைச் செய்தார். டியூப் லைட், போன் சார்ஜர் பக்கத்திலிருந்து தள்ளி உட்கார்ந்தாலே பாதி குறையும். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் பயப்பட வேண்டாம், ஸ்ட்ரிங்குகள் புவித்தொடுப்போடு இணைந்திருக்கின்றன என்று அர்த்தம்.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. தொடும்போது கையில் சுள்ளென்று மின்சாரம் குத்தினால் உடனே நிறுத்துங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். அது கிட்டாரின் பிரச்சினையாக இல்லாமல் வீட்டின் புவித்தொடுப்பிலோ அம்பிலோ உள்ள பிரச்சினையாக இருக்கலாம். எமது தோட்ட வீடுகளில் பழைய வயரிங் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று பின் பிளக்கின் நீளமான பின்னை முறித்துப் பாவிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒரு வேலை தெரிந்த மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். இந்த எட்டிலும் உயிரோடு சம்பந்தப்பட்டது இது ஒன்றுதான்.

இதை ஏன் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும்?

பாடப் புத்தகத்தில் ஒலி என்ற அலகு இருக்கிறது. சுருதி, உரப்பு, மீடிறன் என்று பிள்ளைகள் வரைவிலக்கணம் பாடமாக்குகிறார்கள். இழை நீண்டால் மீடிறன் குறையும், இழுவை கூடினால் மீடிறன் கூடும் என்று எழுதி புள்ளி வாங்குகிறார்கள். அதே பிள்ளையிடம் 12ஆம் ஃப்ரெட் ஏன் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் சரி நடுவில் இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறான். ஸ்ட்ரிங்கின் நீளம் பாதியானால் மீடிறன் இரட்டிப்பாகும். சும்மா அடித்தால் 110 ஹேர்ட்ஸ் தரும் ஐந்தாம் ஸ்ட்ரிங் அங்கே 220 தரும். டியூனர் செயலியில் அந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிள்ளை அந்தப் பாடத்தை மறக்கவே மாட்டாது. உயர்தரத்தில் சுரமானி என்று ஆய்வுகூடத்தில் தொடப்போகும் கருவியின் தம்பிதான் வீட்டில் தொங்கும் கிட்டார்.

எங்களுக்கு ஆசிரியர் கலாசாலையில் கற்றுத்தந்தது, பிள்ளை பிழை விட்டால் விடையைத் திருத்தாதே, பிழை எந்தப் படியில் புகுந்தது என்று தேடு என்பதுதான். கிட்டாரைத் தேடுவதும் பிள்ளையின் கொப்பியைத் தேடுவதும் ஒரே வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியபின் அளந்து பார். என்ன செய்தாய் என்று திகதியோடு எழுதிவை. இந்த மூன்றையும் பழகிய பிள்ளை நாளைக்கு மோட்டார் பைக்கையும் தன் கணக்கையும் தானே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு மறுப்புகள்

"இப்படி எல்லோரும் வீட்டிலேயே செய்தால் திருத்துபவர்கள் எப்படிப் பிழைப்பது?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. எமது பகுதியே கைத்தொழிலால் வாழும் பகுதி, பாஸ்மாரின் வயிற்றில் அடிக்க நாங்கள் வரவில்லை. வீட்டில் செய்யக்கூடியது வேறு, தேர்ந்த கைக்குரியது வேறு என்பதை மேலே பிரித்தே எழுதியிருக்கிறோம். "என்னவோ இரையுது" என்று கொண்டு போகும் ஆளுக்கும், "வளைவு 0.25, உயரம் 2, ஆனால் 9ஆம் ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது" என்று சொல்லும் ஆளுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாமவரை ஏமாற்ற முடியாது. நேர்மையான பாஸுக்கு அப்படியான ஆள்தான் விருப்பம், அரை நாள் தேடல் மிச்சம்.

"மலிவுக் கிட்டாருக்கு இவ்வளவு பாடா?" என்பது அடுத்தது. சில கிட்டார்கள் உண்மையிலேயே தேறாது. நெக் கயிறு மாதிரி முறுகியிருந்தால், ஃப்ரெட்டுகள் தட்டையாகத் தேய்ந்திருந்தால், திருத்தும் செலவு கிட்டாரை விடக் கூடும். அதை மறைக்க மாட்டோம். ஆனால் அந்த முடிவை எட்டாம் படி தாண்டிய பிறகு எடுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபா வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சாமானும் அதற்குப் பிறகு பழைய விலைக்கு இறங்கவில்லை. இன்று கையில் இருப்பதைப் பார்த்துக்கொள்பவன் தான் கெட்டிக்காரன்.

எமது வேண்டுகோள்

பெற்றோர்களே, பிள்ளை "சரிவரல்ல" என்று சொன்னால் முதலில் கருவியைப் பாருங்கள், பிறகு பிள்ளையைப் பாருங்கள். "உனக்குக் கை வராது" என்ற சொல்லை வீட்டில் தடை செய்யுங்கள்.

பிள்ளைகளே, மற்றவருடைய கிட்டாரில் அலன் கீ வைக்காதீர்கள். உங்களுடையதில் வைக்குமுன் டியூன் பண்ணி அளவெடுத்து எழுதுங்கள். தொடங்கிய இடம் தெரிந்தால் திரும்பி வரலாம்.

பாஸ்மாரே, ஃபீலர் கேஜ் கேட்டு ஒரு பிள்ளை வந்தால் சிரித்து அனுப்பாதீர்கள். அது எதற்கு, எப்படிப் பிடிப்பது என்று ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் கற்றுக்கொடுப்பது எங்கள் வகுப்பில் கிடைக்காது.

"சின்னப் பழுது" என்று விற்க நினைக்கும் கிட்டார் வீட்டில் இருந்தால், அறிவித்தல் போடுமுன் எங்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் அஸருக்குப் பிறகு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளை கட்டாயம் வர வேண்டும். திருத்துவது அவன் கைதான், நாங்கள் பக்கத்தில் இருப்போம். கூலி கிடையாது. புது ஸ்ட்ரிங் செட் ஒன்று மட்டும் கொண்டு வாருங்கள். ஃபீலர் கேஜ் எங்களிடம் இருக்கிறது.